பழைய இடத்துப் பதிவிலிருந்து பெயரை எடுப்பது எப்படி?

நீங்கள் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள், அல்லது திரும்புவதற்கு ஆயத்தமாகிறீர்கள். கூரைத்தகடு, கிணறு துப்புரவு, பிள்ளைகளின் பாடசாலை என்று செய்வதற்கு எவ்வளவோ வேலைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே பலர் மறந்துபோகும் ஒரு வேலையைப் பற்றியது இந்தப் பகுதி. நீங்கள் தங்கியிருந்த இடத்தில் உங்கள் குடும்பத்தின் பெயர் பல பட்டியல்களில் எழுதப்பட்டிருக்கிறது. முகாம் பதிவு, கிராம உத்தியோகத்தரின் பதிவு, வாக்காளர் இடாப்பு, பாடசாலை இடாப்பு, கிளினிக் பதிவு, நிவாரண நிறுவனங்களின் தொலைபேசிப் பட்டியல் என அவை நீளும். நீங்கள் ஊர் திரும்பினாலும் இந்தப் பெயர்கள் தாமாகத் திரும்பி வருவதில்லை. ஒவ்வொன்றையும் பழைய இடத்திலிருந்து எடுத்துப் புதிய இடத்தில் சேர்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

இதில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: கையில் கடிதம் இல்லாமல் எந்தப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுக்க விடாதீர்கள். புதிய இடத்தில் சேர்க்கப்பட்டதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை அந்த வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கவனம்?

சில காலத்துக்கு முன் எங்கள் கந்தளாய் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டிய வருடம். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு தங்கியிருந்த இடத்து அலுவலகத்துக்குப் போனால், "நீங்கள் போய்விட்டீர்கள் என்று பெயரை வெட்டிவிட்டோம்" என்றார்கள். சொந்த ஊர் அலுவலகத்துக்குப் போனால், "உங்கள் பெயர் இங்கே இல்லை, அங்கிருந்து கடிதம் கொண்டுவாருங்கள்" என்றார்கள். இரண்டு இடத்தாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது, மற்றதில் இன்னும் ஏறவில்லை. நடுவில் அந்தப் பிள்ளை எந்த ஊருக்கும் உரியவளாக இல்லாமல் நின்றாள்.

கடைசியில் வேலை முடிந்தது. ஆனால் பஸ் காசும், கூலி வேலை இழந்த நாட்களும், அந்த அம்மாவின் நித்திரையும் போனது போனதுதான். முகாமை விட்டு வெளிக்கிட்ட அன்றே ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்கியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் புத்தளத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். எங்கே பதிவது, மன்னாரிலா புத்தளத்திலா என்ற கேள்வி அவர்களை விட்டுப் போகவில்லை. இடம்பெயர்ந்தோர் முன்பு வாழ்ந்த ஊரிலேயே வாக்காளராகப் பதிய வழி செய்வதற்காக 2013இல் 27ஆம் இலக்கச் சிறப்புச் சட்டமொன்றையே பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு மன்னாரில் பெயர் வைத்திருந்தவர்கள் தேர்தல் நாளில் பஸ் பிடித்துப் போய் வாக்களித்தார்கள்.

நமது மாவட்டத்தையே பாருங்கள். 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து ஓடிவந்த ஆயிரக்கணக்கானோருக்குக் கந்தளாயின் பாடசாலைகளும் கூடாரங்களும் இடம் கொடுத்தன. சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை என்று சிதறி, பலர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்தே ஊர் திரும்பினார்கள். பத்து ஆண்டில் ஒரு குடும்பம் எத்தனை பட்டியலில் ஏறியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். முகாமில் பிறந்த பிள்ளை, முகாமில் மணமுடித்த மகள், முகாமில் காலமான தகப்பன் எல்லோரும் அந்தப் பட்டியல்களில் இருக்கிறார்கள்.

புறப்படுவதற்கு முன்

தங்கியிருக்கும் இடத்தை விட்டு வெளிக்கிடுவதற்கு முன்பே பின்வருவனவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன பிறகு திரும்பி வந்து எடுப்பது இரட்டைச் செலவு.

1. கிராம உத்தியோகத்தரின் கடிதம். நீங்கள் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை அந்தப் பிரிவில் வசித்தீர்கள், குடும்பத்தில் யார் யார், எந்தப் பிரிவுக்குப் போகிறீர்கள் என்பன அதில் இருக்க வேண்டும். ஒப்பமும் முத்திரையும் திகதியும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். முடிந்தால் பிரதேச செயலகத்தின் மேலொப்பத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

2. பாடசாலை விடுகைப் பத்திரம். பழைய பாடசாலை இடாப்பிலிருந்து பிள்ளையின் பெயர் எடுக்கப்பட்டதற்கு அத்தாட்சி இது. பிள்ளை எந்த வகுப்பு வரை படித்தது என்பதையும் இது சொல்லும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே வேண்டும்.

3. கிளினிக் பதிவுகள். கர்ப்பிணித் தாய்மாரின் பதிவேடு, பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, பிரஷர், சீனி வருத்தம் போன்றவற்றுக்கு மருந்தெடுப்போரின் கிளினிக் புத்தகம். இவற்றின் அசல் உங்களிடமே இருக்க வேண்டும். குடும்பநல மாதுவிடம் போகிற ஊரைச் சொல்லிவிடுங்கள். அவர் தமது பதிவிலிருந்து உங்களை எடுப்பார். புதிய இடத்து மாதுவிடம் நீங்களே போய்ப் பதிய வேண்டும்.

4. நிவாரணப் பதிவு. உலர் உணவோ வேறு உதவியோ பெற்றிருந்தால் அந்த அட்டையின் பிரதியை எடுத்து வையுங்கள். எந்த மாதத்துடன் உதவி நிறுத்தப்படுகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். மீள்குடியேறுவோருக்கான உதவிகளைக் கேட்கும்போது, நீங்கள் இடம்பெயர்ந்தவராகப் பதிவு பெற்றிருந்தீர்கள் என்பதற்கு இது சான்றாகும். ஆகவே முகாம் பதிவு முடிந்தது என்று அந்த அட்டையை எறிந்துவிடாதீர்கள்.

5. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள். இவை பட்டியல் அல்ல, இவற்றிலிருந்து யாரும் பெயரை எடுப்பதில்லை. ஆனால் அந்தச் சம்பவம் நடந்த இடத்துப் பதிவாளரிடம்தான் அவை இருக்கும். பிரதிகளைப் புறப்படுவதற்கு முன் எடுத்துக்கொண்டால் பிறகு அலைய வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் வீட்டில் கடதாசி தாங்காது.

ஊர் வந்த முதல் கிழமையில்

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. கந்தளாயிலிருந்து தம்பலகாமத்துக்குப் போவதும், கிண்ணியாவிலிருந்து கந்தளாய்க்கு வருவதும் நமக்குச் சிறிய தூரம்தான். ஆனால் பதிவைப் பொறுத்தவரை நீங்கள் ஓர் அலுவலகத்தை விட்டு இன்னோர் அலுவலகத்துக்கு மாறுகிறீர்கள். ஒரே பிரதேச செயலகத்துக்குள் மாறினாலும் கிராம உத்தியோகத்தர் பிரிவு மாறினால் இதே வேலை உண்டு.

முதலில் புதிய இடத்துக் கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளை அயலவரிடம் கேட்டுவிட்டுப் போனால் வீண் நடை மிச்சம். பழைய இடத்துக் கடிதத்தைக் கொடுத்து, குடும்பத்தை அவருடைய பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். குடும்ப அட்டை வழங்கப்படும் இடமாக இருந்தால் அதையும் கேளுங்கள். கடிதத்தின் அசலைக் கொடுப்பதற்கு முன் பிரதி எடுக்க மறக்க வேண்டாம்.

இந்தப் பதிவு ஏறிய பிறகே மற்றவை நகரும். வதிவிடச் சான்றிதழ், அடையாள அட்டையில் முகவரி மாற்றம், அஸ்வெசும போன்ற நலன்புரி உதவிகளின் இடமாற்றம் ஆகிய எல்லாவற்றுக்கும் அவருடைய உறுதிப்படுத்தல் தேவை. அஸ்வெசும பெறும் குடும்பமாக இருந்தால் பழைய பிரதேச செயலகத்துக்கும் புதிய பிரதேச செயலகத்துக்கும் இடமாற்றத்தை அறிவியுங்கள். "அங்கே நிறுத்திவிட்டு இங்கே புதிதாகப் போடுகிறேன்" என்று நீங்களாக விலக வேண்டாம். விலகல் வேறு, இடமாற்றம் வேறு. கேட்பது இடமாற்றம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

வயல் செய்வோர் கமநல சேவை நிலையத்தையும் கமக்காரர் அமைப்பையும் மறக்க வேண்டாம். கந்தளாய்க் குளத்தின் கீழ் காணி உள்ளவர்கள், இல்லாத காலத்தில் தமது பெயர் அங்கே எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். உரமானியம் போன்றவை அந்தப் பெயர்ப்படியே வரும்.

வாக்காளர் இடாப்பு

ஒருவருடைய பெயர் வாக்காளர் இடாப்பில் ஓரிடத்தில் மட்டுமே இருக்கலாம். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க, தேருநர்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின்படி இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் மூலம் வீட்டுக்கு வரும் பீ.சீ. படிவத்தில் அந்த வீட்டில் வசிக்கும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைப் பிரதான குடியிருப்பாளர் எழுதிக் கொடுப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

முதலாவது, புதிய இடத்துப் படிவத்தில் உங்கள் பெயர்களை எழுதுங்கள். முன்பு பதிவாகியிருந்த மாவட்டம், பிரிவு, வீட்டு இலக்கம் ஆகியவற்றைச் சரியாகக் குறிப்பிடுங்கள். பழைய இடத்தில் பெயரை எடுப்பதற்கு அந்த விவரமே உதவும்.

இரண்டாவது, பழைய இடத்தில் உங்களுக்கு இடம் தந்தவர் தமது வீட்டுப் படிவத்தில் இன்னும் உங்கள் பெயரை எழுதுகிறாரா என்று கேளுங்கள். அன்பினால் எழுதுவார்கள், "பிள்ளைகள் எப்பவும் திரும்பி வரலாம்" என்று. நீங்கள் சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

மூன்றாவது, இடாப்பு உறுதியாக்கப்படுவதற்கு முன் நீக்கப்படும் பெயர்களும் புதிதாகச் சேர்க்கப்படும் பெயர்களும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அந்த நாட்களில் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ போய்ப் பாருங்கள். சேர்க்கப்படும் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம். அதற்குக் கால எல்லை உண்டு. தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதால் பயனில்லை. அந்தத் தேர்தலுக்கு எந்த ஆண்டு இடாப்பு என்பது அதற்கு முன்பே தீர்ந்திருக்கும்.

தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் ஐந்து நிமிட வேலை.

தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு

தமிழ்நாட்டு முகாம்களில் மாதாந்த உதவித்தொகை, அரிசி எல்லாம் முகாம் பதிவின்படியே வழங்கப்படுகின்றன. நாடு திரும்பும்போது அந்தப் பதிவிலிருந்து பெயர் நீக்கப்படும். அந்த நீக்கத்தைக் காட்டும் கடதாசியையும், நாட்டை விட்டு வெளியேற வழங்கப்பட்ட அனுமதியையும் பத்திரப்படுத்துங்கள். இங்கே வந்ததும் கிராம உத்தியோகத்தருக்குக் காட்ட உங்களிடம் இருப்பது அதுதான்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்தீர்களா என்று பாருங்கள். பதியாமல் வந்திருந்தால் பிள்ளையின் பிரஜாவுரிமைக்காகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியப் பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு, "பிறகு பார்ப்போம்" என்று விட வேண்டாம். பாடசாலையில் சேர்க்கும்போது சிக்கல் தெரியாது. அடையாள அட்டை எடுக்கும் வயதில் தெரியும்.

தொலைபேசிப் பட்டியல்கள்

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? நிவாரண நிறுவனங்கள், வங்கி, கடன் தருவோர், கணக்கெடுப்பு செய்ய வந்தவர்கள். சிலர் இன்றைக்கும் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். தேவையானவையும் தேவையில்லாதவையும் கலந்து வருகின்றன.

ஒன்றை நிறுத்துவதற்கு முன், அது எதற்காக வருகிறது என்று பாருங்கள். கொடுப்பனவு வந்ததா என்பதைச் சொல்லும் செய்தியை, விளம்பரம் என்று நினைத்து நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். இலக்கம் மாறியிருந்தால் வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் பாடசாலைக்கும் புதிய இலக்கத்தைக் கொடுத்த பிறகே பழைய சிம்மைக் கைவிடுங்கள்.

விளம்பரச் செய்திகளின் அடியில் அவற்றை நிறுத்தும் வழி பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் உங்கள் தொலைபேசிக் கம்பனியின் வாடிக்கையாளர் சேவையைக் கேளுங்கள். மின்னஞ்சலாக இருந்தால் கடிதத்தின் கடைசி வரியில் 'குழுவிலகு' அல்லது 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருக்கும். அதை அழுத்தினால் போதும். ஆனால் அனுப்பியவர் யாரென்றே தெரியாத செய்தியில் எதையும் அழுத்த வேண்டாம். அழித்துவிடுங்கள். "பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமானால் உங்கள் வங்கி இலக்கத்தையும் இரகசிய இலக்கத்தையும் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் அது மோசடி. பெயரை எடுக்க எவருக்கும் அந்த இலக்கங்கள் தேவையில்லை.

முகாம் வட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் இன்னும் இருப்பீர்கள். இருப்பதும் விலகுவதும் உங்கள் விருப்பம். விலகுவதானால், அயலில் இருந்தவர்களின் இலக்கங்களை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய காரியத்துக்குச் சாட்சி சொல்ல நாளை அவர்களில் ஒருவர் தேவைப்படலாம்.

எங்கள் பட்டியலிலிருந்தும் நீங்கள் விலகலாம். வெளிக்கள உத்தியோகத்தரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் போதும், காரணம் கேட்கமாட்டோம். செய்தி வேண்டாம் என்று சொன்னவருக்கு உதவி நிறுத்தப்படமாட்டாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் உள்ள கருத்து. வேறு நிறுவனங்களிடமும் இதே கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள், எதற்காக, எப்போது அழிப்பீர்கள்?

கடிதம் இப்படி எழுதலாம்

நீண்ட கடிதம் வேண்டாம். கீழே உள்ளதைப் பார்த்து உங்கள் விவரங்களை இட்டு எழுதுங்கள்.

"கிராம உத்தியோகத்தர் அவர்களுக்கு,
நான் உங்கள் பிரிவில் (திகதி) முதல் (திகதி) வரை குடும்பத்துடன் வசித்தேன். தற்போது எனது சொந்த ஊரான (ஊர், பிரிவு, பிரதேச செயலகம்) இல் மீளக்குடியமர்ந்துள்ளேன். எனது குடும்பத்தினரின் பெயர்களை உங்கள் பிரிவின் பதிவிலிருந்து எனது புதிய பிரிவுக்கு மாற்றி, அதை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
குடும்ப அங்கத்தவர் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம்:
ஒப்பம், திகதி"

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒப்பமும் திகதியும் வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியுடன் ஊசி குத்தி வையுங்கள்.

கடிதத்தைத் தமிழில் எழுதலாம். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிருவாக மொழி. இது அரசியலமைப்பிலேயே உள்ளது. பதிலையும் தமிழில் கேட்கலாம். விளங்காத மொழியில் தரப்படும் படிவத்தில், வாசித்துக் காட்டச் சொல்லாமல் ஒப்பம் வைக்க வேண்டாம். 'இடமாற்றம்' என்று நினைத்து 'நீக்கம்' என்ற இடத்தில் ஒப்பமிட்டால், அதைத் திருத்த மாதங்கள் ஆகலாம்.

ஒருமுறை சரிபார்க்க

அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்து, முடிந்ததை ஒவ்வொன்றாக வெட்டுங்கள்.

பழைய கிராம உத்தியோகத்தரின் கடிதம் வாங்கியாயிற்றா?
புதிய கிராம உத்தியோகத்தரின் பதிவில் எல்லோருடைய பெயரும் ஏறிவிட்டதா? முகாமில் பிறந்த பிள்ளையும்?
விடுகைப் பத்திரம் கொடுத்துப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்களா?
கிளினிக்கில் பதிந்தாயிற்றா?
நலன்புரி உதவி இடமாறிவிட்டதா?
வாக்காளர் இடாப்பில் பெயரைப் பார்த்தாயிற்றா?
அடையாள அட்டை முகவரிக்கு விண்ணப்பித்தாயிற்றா?
வங்கிக்கும் பாடசாலைக்கும் சரியான தொலைபேசி இலக்கம் கொடுத்தாயிற்றா?

எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1919 என்ற அரச தகவல் நிலையத்தை அழைக்கலாம். தமிழிலும் பதில் கிடைக்கும். கந்தளாய் அலுவலகத்தில் எங்களிடம் வந்தால் கடிதம் எழுத உதவுவோம், தேவையானால் கூடவும் வருவோம். கணவர் இல்லாமல் தனியே குடும்பம் நடத்தும் பெண்களும், எழுத வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களும் கூச்சப்படாமல் வாருங்கள். இந்த வேலைக்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

அந்த அம்மாவின் மகள் பரீட்சை எழுதிவிட்டாள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை அந்த வயதை அடையும். பெயர் அதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருக்கட்டும்.